காணொலியை எங்கே நிறுத்துவது?

திறன்மிகு வகுப்பறைகள் நம் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. பல பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் இயங்குகின்றன. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டைச் செல்பேசியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொலி திறக்கிறது. மணற்கேணி செயலியில் பாடவாரியாகக் காணொலிகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை, "நல்ல காணொலி எங்கே கிடைக்கும், அதை எதில் காட்டுவது?" என்பதுதான் நம் கவலையாக இருந்தது. இன்று கேள்வி மாறிவிட்டது. கையில் இருக்கும் காணொலியை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன செய்வது?

இது சிறிய கேள்வி அல்ல. நம் மாணவர்களில் பலர் மாலையில் பெற்றோரின் செல்பேசியில் துணுக்குக் காணொலிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். எரிமலை, பாம்பு, ராக்கெட், சமையல், நகைச்சுவை எல்லாம் ஒரே வேகத்தில் கண்முன் ஓடி மறைகின்றன. மறுநாள் கேட்டால் "பார்த்தேன் சார்" என்பார்கள். என்ன பார்த்தாய் என்றால் பதில் இருக்காது. வகுப்பறையிலும் நாம் ஒரு காணொலியை முழுதாக ஓடவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டு, "புரிந்தது" என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு மணி அடித்ததும் வெளியேறினால், அது அந்தத் துணுக்குகளோடு இன்னொரு துணுக்காகச் சேர்ந்துவிடும். வியப்பு இருக்கும், கேள்வி இருக்காது. வியப்பு அடுத்த காணொலி வரைதான் தாங்கும். கேள்வி வீடு வரை கூடவே போகும்.

காணொலி ஆர்வத்தைத் தூண்டுவது அது ஓடும் நேரத்தில் அல்ல, நாம் அதை நிறுத்தும் இடத்தில் என்பதே என் வகுப்பறை அனுபவம். அதைச் சில எடுத்துக்காட்டுகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தெளிவு மட்டும் போதுமா?

வெரிடாசியம் என்ற அறிவியல் காணொலி வரிசையை நடத்தும் டெரெக் முல்லர், அதைத் தொடங்குவதற்கு முன் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கல்விக் காணொலிகள் குறித்தே முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். ஆய்வேடு 2008-இல் நிறைவடைந்தது. அதில் வரும் ஒரு முடிவு நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது.

மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒரு கருத்தைத் தெளிவாக, நேராக விளக்கும் காணொலி காட்டப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு இருவர் உரையாடும் காணொலி. அதில் ஒருவர் மாணவர்கள் வழக்கமாகச் சொல்லும் தவறான கருத்தைச் சொல்வார்; மற்றவர் அதைக் கேள்வி கேட்டுக் கேட்டுச் சரியான இடத்துக்குக் கொண்டு வருவார். முதல் பிரிவினர், காணொலி எளிமையாகவும் தெளிவாகவும் இருந்தது என்றனர். ஆனால் 26 மதிப்பெண் தேர்வில் சுமார் 6 ஆக இருந்த அவர்களின் சராசரி, காணொலிக்குப் பிறகும் கிட்டத்தட்ட அங்கேயே நின்றது. இரண்டாம் பிரிவினர், குழப்பமாக இருந்தது என்றனர். அவர்களின் சராசரியோ சுமார் 11 வரை உயர்ந்தது.

ஏன் இப்படி? மாணவர் காலியான மனத்தோடு வருவதில்லை. மேலே எறிந்த பந்து உயரே போகும்போது அதன்மீது எந்த விசை செயல்படுகிறது என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "கையால் கொடுத்த விசை இன்னும் பந்துக்குள் இருக்கிறது" என்று பாதிப் பேராவது சொல்வார்கள். பந்து கையை விட்டதும் கையின் விசை முடிந்துவிட்டது, இருப்பவை ஈர்ப்பு விசையும் சிறிதளவு காற்றின் தடையும்தான் என்று தெளிவான காணொலி சொல்லும். மாணவர் தலையாட்டுவார். ஆனால் தம் மனத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் காணொலியும் சொன்னது என்று எண்ணிக்கொண்டு எழுந்து போவார். தம் கருத்தை முதலில் வெளியே வைத்தவருக்குத்தான், காணொலி வேறொன்றைச் சொல்கிறது என்பதே தெரியும்.

ஆகவே முதல் நிறுத்தம், விடை வருவதற்கு முன்னால். குழந்தைகள் தம் ஊகத்தைச் சொல்லட்டும், குறிப்பேட்டில் எழுதட்டும். அதன் பிறகு காணொலி தொடரட்டும்.

ஒரு நிமிடக் காணொலி, ஒரு முழுப் பாடவேளை

ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்' பாடத்துக்கு நான் பயன்படுத்தும் காணொலி ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்பல்லோ 15 பயணத்தில் நிலவில் இறங்கிய டேவிட் ஸ்காட் ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் பறவை இறகும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சுத்தியல் 1.32 கிலோகிராம். இறகு 0.03 கிலோகிராம்; வல்லூறு இனப் பறவையுடையது. அவர்கள் இறங்கிய கலத்துக்கும் அந்தப் பறவையின் பெயர்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் விடுகிறார்.

அவர் கையை விடுவதற்கு முன் காணொலியை நிறுத்திவிடுவேன். கரும்பலகையில் நான்கு விடைகள்: சுத்தியல் முதலில் விழும், இறகு முதலில் விழும், இரண்டும் சேர்ந்து விழும், இரண்டும் மிதக்கும். ஒவ்வொரு விடைக்கும் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையை எழுதுவேன். நான்காவது விடைக்கு எழும் கைகளைப் பார்த்தால் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். "நிலாவுல காத்து இல்லல்ல சார், அப்போ ஈர்ப்பும் இருக்காது" என்பது ஆண்டுதோறும் ஒருவராவது சொல்லும் விடை. காற்றுதான் பொருள்களைக் கீழே அழுத்துகிறது என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. இதை மறுக்க அவசரப்பட வேண்டாம். "அப்படியானால் ஸ்காட் மட்டும் எப்படித் தரையில் நிற்கிறார்?" என்று இன்னொரு மாணவர் கேட்கும் வரை காத்திருக்கலாம். பெரும்பாலும் கேட்டுவிடுவார்கள்.

அதன் பிறகும் உடனே காணொலிக்குத் திரும்புவதில்லை. ஒரு பாடநூல், அதைவிடச் சற்றுச் சிறிய ஒரு காகிதத் துண்டு. தனித்தனியே விட்டால் புத்தகம் முந்துகிறது. காகிதத்தைப் புத்தகத்தின் மேல் வைத்து விட்டால் இரண்டும் ஒன்றாகவே இறங்குகின்றன. காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்கி விட்டால் கிட்டத்தட்டப் புத்தகத்தோடு விழுகிறது. எடை மாறவில்லை, காற்றுக்குக் கொடுக்கும் பரப்புதான் மாறியது. இந்த மூன்றையும் கையால் செய்துவிட்டுத் திரைக்குத் திரும்பும்போது, சிலர் தாங்களே முன்வந்து விடையை மாற்றிக்கொள்வார்கள். கரும்பலகை எண்ணிக்கையைத் திருத்திவிட்டுப் பொத்தானை அழுத்துவேன். சுத்தியலும் இறகும் சேர்ந்து தரையைத் தொடும்போது வகுப்பில் எழும் ஓசையை எந்த விளக்கவுரையாலும் வரவழைக்க முடியாது.

இரண்டாவது நிறுத்தம் இங்கே. விடை வந்துவிட்டது, பலர் இத்துடன் முடித்துவிடுவோம். ஆனால் காணொலி இப்போதுதான் ஆய்வகமாகிறது. "எவ்வளவு மெதுவாக விழுந்தது, கவனித்தீர்களா?" என்று கேட்டுவிட்டு, குழுவுக்கு ஒரு நிறுத்துக் கடிகாரம் கொடுத்து மீண்டும் ஓடவிட வேண்டும். விழுந்த உயரம் சுமார் 1.6 மீட்டர். எங்கள் வகுப்பில் குழுக்களின் அளவீடுகள் 1.2 வினாடி முதல் 1.6 வினாடி வரை வந்தன. உயரத்தின் இருமடங்கை நேரத்தின் இருமடியால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். 1.4 வினாடி என்றால் விடை சுமார் 1.6 மீ/வி². நிலவின் ஈர்ப்பு முடுக்கம் அதுதான். பூமியில் 9.8, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 1.2 வினாடி என்றவர்களுக்கு 2.2-உம், 1.6 என்றவர்களுக்கு 1.25-உம் வந்தன. ஏன் இந்த வேறுபாடு? யார் பொத்தானை முந்தி அழுத்தினார்? பிழையைக் குறைக்க என்ன வழி? முதல் பாடமான 'அளவீடு' இங்கே மறுபடியும் உயிர் பெறுகிறது.

அந்த வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "இது நெசமாவே நிலாவுல எடுத்ததுதானா சார்?" இந்தக் கேள்வியை அடக்கிவிடக் கூடாது. "நாம் அளந்த முடுக்கத்தைப் பார். பூமியில் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழ எவ்வளவு நேரம் ஆகும்?" கணக்கிட்டால் 0.6 வினாடிக்கும் சற்றுக் குறைவு. "மெதுவாக ஓடவிட்டு ஏமாற்றியிருக்கலாமே" என்றான் இன்னொருவன். "மெதுவாக ஓடவிட்டாலும், காற்றுள்ள இடத்தில் இறகு சுத்தியலோடு சேர்ந்து விழுமா?" மறுபடியும் காகிதத்தையும் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஒஹையோவில் உள்ள நாசாவின் மாபெரும் வெற்றிட அறையில் 2014-இல் ஒளிபரப்பான பிபிசி நிகழ்ச்சிக்காகப் பந்தையும் இறகுகளையும் விழவைத்த காணொலியும் இருக்கிறது. ஆனால் அதை அன்றே காட்டவில்லை. மறுநாளுக்கு ஒன்று இருக்கட்டும்.

தொடக்க வகுப்பில்: காத்திருப்பைத் திருப்பிக் கொடுத்தல்

தொடக்க வகுப்புகளில் விதை முளைக்கும் காணொலியைக் காட்டாதவர் இல்லை. பல நாள்கள் இடைவிட்டு இடைவிட்டு எடுத்த படங்களைச் சேர்த்து ஒரு நிமிடத்தில் ஓட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஓர் இழப்பும் உண்டு. விதை முளைப்பதில் குழந்தைக்கு மிக முக்கியமான பகுதி காத்திருப்பது. காணொலி அதைத்தான் வெட்டி எறிந்துவிடுகிறது.

அதனால் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். திங்கள்கிழமை முதலில் விதை. கண்ணாடிக் குவளையின் உட்புறம் ஈரத் துணியையோ பஞ்சையோ வைத்து, அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே ஊறவைத்த பச்சைப்பயறோ மொச்சையோ வெளியே தெரியும்படி செருகச் சொல்லுங்கள். "முதலில் என்ன வெளியே வரும், வேரா, தண்டா?" என்று கேட்டு ஊகத்தைப் படமாக வரையச் சொல்லுங்கள். வேர் தலைகாட்டியதும் ஒரு குவளையை மட்டும் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு, "இனி வேர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு சிறு படம். வெள்ளிக்கிழமை காணொலி.

இப்போது குழந்தைகள் பார்க்கும் காணொலியே வேறு. தாங்கள் ஐந்து நாள் பார்த்ததைத் திரையில் அடையாளம் காண்பார்கள். "இது நம்ம புதன்கிழமை" என்று ஒரு குழந்தை கை நீட்டும். அங்கே நிறுத்துங்கள். "நாம் பார்க்கத் தவறியது ஏதாவது இதில் இருக்கிறதா?" இரவில் நாம் இல்லாதபோதும் செடி வளர்ந்துகொண்டுதான் இருந்தது, முளை நேராக ஏறாமல் லேசாகச் சுற்றி ஆடிக்கொண்டே ஏறுகிறது என்பதையெல்லாம் காணொலியில்தான் காண முடியும். கண்ணால் காண முடியாத ஒன்றைக் காட்டுவதே காணொலியின் தனிப் பலம். கண்ணால் காண முடிந்ததை முதலில் கண்ணாலேயே காண விட்டுவிட வேண்டும்.

கணக்கு வகுப்பிலும் உண்டு

அறிவியல் ஆசிரியர்களுக்கு மட்டும்தான் காணொலி என்பதில்லை. பத்தின் அடுக்குகளைக் கற்பிக்க ஒரு பழைய படம் இருக்கிறது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர் 1977-இல் வெளியிட்ட 'பவர்ஸ் ஆஃப் டென்' என்னும் சுமார் 9 நிமிடப் படம். சிகாகோ நகரத்து ஏரிக்கரைப் பூங்காவில் ஒருவர் விரிப்பில் படுத்துத் தூங்குகிறார். 1 மீட்டர் அகலச் சட்டத்தில் அவரைக் காட்டத் தொடங்கி, ஒவ்வொரு 10 வினாடிக்கும் பத்து மடங்கு விலகிச் செல்கிறது காட்சி. 10²⁴ மீட்டர் வரை போய், திரும்பி வந்து, அவர் கைத் தோலுக்குள் நுழைந்து அணுக்கரு வரை இறங்குகிறது.

இந்தப் படத்துக்கு அடிப்படையாக இருந்தது 1957-இல் வெளிவந்த ஒரு புத்தகம். எழுதியவர் கீஸ் பூக்கே என்ற நெதர்லாந்துக் கல்வியாளர், ஒரு பள்ளியை நிறுவி நடத்தியவர். பள்ளி முற்றத்தில் பூனையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியிலிருந்து அந்தப் புத்தகம் தொடங்குகிறது. உலகெங்கும் பார்க்கப்பட்ட ஒரு படத்தின் தொடக்கம் ஒரு பள்ளியின் முற்றத்தில் இருந்தது என்பது நமக்குத் தெம்பு தரும் செய்தி.

நம் முற்றத்திலிருந்தே நாமும் தொடங்கலாம். படத்தைக் காட்டுவதற்கு முன் ஒரு நீளக் காகிதத்தில் கட்டங்கள். முதல் கட்டம் 1 மீட்டர்: வேப்பமரத்தடியில் ஒரு மாணவர். இரண்டாவது 10 மீட்டர்: மரமும் வகுப்பறை வாசலும். பிறகு 100 மீட்டர், 1 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். பக்கத்து ஊர் எந்தக் கட்டத்தில் வரும்? மாவட்டத் தலைநகர்? ஐந்தாவது ஆறாவது கட்டத்தில் சண்டையே வரும், வரட்டும். அதன் பிறகு படத்தை ஒலி இல்லாமல் ஓட்டுங்கள். விளக்கவுரை ஆங்கிலத்தில் இருப்பது தடையே அல்ல; அது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. அடுக்கை மாணவர்களே உரக்கச் சொல்லட்டும். முழுப் பூமியும் தெரியும் 10⁸ மீட்டரில், அதாவது 1 லட்சம் கிலோமீட்டர் அகலத்தில் நிறுத்துங்கள். "நிலா எங்கே?" பூமிக்குப் பக்கத்திலேயே நிலவை வரைந்து பழகிய கைகள் அவை. நிலவின் தூரம் சுமார் 3,84,000 கிலோமீட்டர். இந்தச் சட்டத்தில் அது இல்லை, அடுத்ததில்தான் வரும். பத்து மடங்கு என்பது எத்தனை பெரிய தாவல் என்பதை அந்த வெற்றிடம் காட்டிவிடும்.

"இது உண்மையா?" என்று கேட்கப் பழக்குதல்

ஆர்வத்தைத் தூண்டும் காணொலிகள் எல்லாம் உண்மையானவை அல்ல. வெங்காயத்தில் கம்பியைச் செருகிச் செல்பேசிக்கு மின்னேற்றம் செய்வதாகக் காட்டும் காணொலிகள் பல ஆண்டுகளாகச் சுற்றுகின்றன. மாணவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள். "பொய்" என்று ஒரே சொல்லில் முடித்தால், நாளை வேறொன்றை நம்புவார்கள். ஆய்வகத்துக்குக் கூட்டிப் போகலாம். எலுமிச்சம்பழத்தில் ஒரு தாமிரத் தகடும் ஒரு துத்தநாகத் தகடும் செருகி வோல்ட்மீட்டரை இணைத்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட் காட்டும். இரண்டும் தாமிரமாக இருந்தால் முள் அசைவதே இல்லை என்னும் அளவுக்கு இருக்கும். செல்பேசிக்கு வேண்டியது 5 வோல்ட், அதோடு கணிசமான மின்னோட்டம். பழங்களை வரிசையாகத் தொடர் இணைப்பில் இணைத்து ஒரு சிறு எல்இடி விளக்கை எரிய வைக்கவே மூன்று நான்கு பழங்கள் தேவைப்படும் என்று தாங்களே கண்டபின், வெங்காயக் காணொலியைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். பொய்யான காணொலியும் ஒரு நல்ல பாடத்துக்கு உதவியது. செல்பேசியில் மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வகுப்புக்கு முன் சில ஏற்பாடுகள்

• காணொலியை முதல்நாளே முழுதாகப் பார்த்து, நிறுத்தும் இடங்களின் நிமிடம், வினாடியைப் பாடக்குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நிறுத்தங்கள் போதும்.

• முன்னதாகவே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையமும் மின்சாரமும் நம் பாடவேளையைப் பார்த்து வருவதில்லை.

• ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடவிட வேண்டாம். கழிவுப் பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தாவின் காணொலிகள் பல ஓரிரு நிமிடங்களே. பார்த்து முடித்ததும் கைகள் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

• முதல் ஊகத்தை எல்லோரும் எழுதிய பிறகே பேச அனுமதியுங்கள். நன்றாகப் படிப்பவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அவர் விடையையே எழுதுவார்கள்.

• பார்வைக் குறைபாடுள்ள மாணவர் இருந்தால், திரையில் நடப்பதை அருகில் இருப்பவர் சொல்லச் சொல்லுங்கள். சொல்பவரும் அப்போதுதான் உண்மையில் கவனிக்கிறார்.

• காணொலி முடிந்ததும் "புரிந்ததா?" என்பதற்குப் பதில் "இனி என்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். வரும் கேள்விகளைக் கேட்டவர் பெயரோடு ஒரு தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.

அந்தக் கேள்விகளில் சில நமக்கும் விடை தெரியாதவையாக இருக்கும். "இறகு நிலாவிலேயே கிடக்கிறதா, இப்போது எப்படி இருக்கும்?" என்பது எங்கள் சுவரில் இன்னும் ஒட்டப்பட்டிருக்கும் ஒன்று. காற்றில்லாத, மழையில்லாத இடத்தில் அது மக்குமா என்று தொடங்கி, கடும் வெயிலும் கதிர்வீச்சும் இறகை என்ன செய்யும் என்பது வரை இரண்டு வாரங்களாகப் பேசுகிறார்கள். விடை தெரியாத கேள்வி சுவரில் இருப்பது ஆசிரியருக்குக் குறைவு அல்ல. பாடம் முடிந்த பிறகும் அந்தக் குழந்தைகள் நிலவை அண்ணாந்து பார்ப்பதற்கு அதுவே காரணம்.

புதிதாகக் காணொலி தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே ஆண்டுதோறும் நாம் காட்டும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் விடை வரும் வினாடி எது என்று கண்டுபிடித்து, அதற்கு ஐந்து வினாடி முன்னால் நிறுத்திப் பார்ப்போம். வகுப்பு பேசத் தொடங்கும்.